ஆறுக்கு எட்டு

பாய்க்குத் துணி எடுக்கக் காசில்லை என்று
கோழிக்கூட்டின் மேல் கிடந்த
என் கல்யாண பேனரை உருவினாள் ஜெபமாலை.
ஆறுக்கு எட்டு.
நாலு மாரி நனைந்தும் சாயம் போகாத
சந்தியாகின் கோட்டு, டை, மீசை.
என் பக்கத்தை மட்டும் வெயில் தின்று
நெற்றிவரை வெளுத்திருந்தது.

"உங்கண்ணன் மூஞ்சியையா கட்டப்போற?"
"பிளெக்ஸுதான் மதினி காத்தப் பிடிக்கும்."

தொண்டி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் லீவு.
காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன்.
தண்ணீரில் போய்ச் சும்மா இருந்துவிட்டு வருவது
எந்த வேலையில் சேரும்?

பதிமூன்றடி வத்தை.
மூங்கில் பாய்மரம், சைக்கிள் டியூபில் கட்டு,
கேனில் தண்ணீர், அவித்த முட்டை ஆறு,
கொசுவத்திச் சுருள்.
சுக்கான் அவளிடம், தாமான் கயிறு என் கையில்.
"இழுத்துப் பிடிச்சா ஓடும், விட்டா நிக்கும்.
அம்புட்டுதான் படிப்பு."

காரங்காடு முகத்துவாரத்துக்கு உள்ளே
ஆறு கடலை மறக்கிற வளைவில்
சோழகம் பக்கவாட்டில் ஏறியது.
சந்தியாகின் கன்னம் உப்பியது.
கட்டிய ஒன்பது வருஷத்தில்
இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.
காற்று விட்டதும் உதட்டோரம் சுருங்கி,
சிங்கப்பூரிலிருந்து பேசும்போது வைத்திருப்பானே,
குரலிலேயே தெரியுமே, அந்த முகம்.
கடைசியாகப் பேசி நாலு வருஷம்.

இரு கரையும் அலையாத்தி.
சேற்றுக்கு மேலே மூச்சுவேர்கள்,
யாருக்கோ காய்ச்சல் பார்க்க நட்டு
எடுக்க மறந்த தெர்மாமீட்டர்கள்.
மடவை ஒன்று துள்ளிப் படகுக்குள் விழுந்தது.
குழம்பா வறுவலா என்று நாங்கள் முடிவெடுப்பதற்குள்
திரும்பத் துள்ளிப் போய்விட்டது.

நாலு மணிக்கு வத்தம்.
படகின் வயிறு சேற்றில் உட்கார்ந்தது.
கம்பு ஊன்றித் தள்ளினோம்.
கம்பு உள்ளே போனது, படகு வரவில்லை.
இறங்கினால் இடுப்பளவு உளை.
"வெள்ளம் ஏற ராத்திரி பத்தாகும் மதினி."

ஆற்றின் நடுவே
ஆறில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.
நண்டுகள் ஒற்றைக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி
யாரையோ கூப்பிட்டன.
எங்களை இல்லை.

முகம் தெரியாத இருட்டு வரட்டும் என்று
காத்திருந்தவள் மாதிரிச் சொன்னாள்:
"அண்ணன் எனக்குப் போன் பண்ணுது மதினி.
மாசத்துக்கு ஒருக்கா.
நீங்க கேக்கலை, நானும் சொல்லலை."

நான் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன்.
தோல் தனியே பிரியாமல்
வெள்ளையையும் பிய்த்துக்கொண்டு வந்தது.
"நல்லா இருக்காகளா?"
"சுகர் இருக்காம்."
"எவ்வளவு?"
"முந்நூத்திப் பத்து."
"சாப்பிட்டதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"
"தெரியலயே."
"கேட்டு வை."

கேட்டது நான் இல்லை, என் யூனிஃபார்ம்
என்று சொல்ல நினைத்தேன்.
கொசு கடித்தது. சொல்லவில்லை.
மீதி முட்டையை அவளிடம் நீட்டினேன்.
கை இருட்டில் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்து
பிறகுதான் முட்டையைப் பிடித்தது.

பத்தரைக்குச் சேறு வாய்விட்டுச் சப்பியது.
தூக்கத்தில் புரள்பவரைப் போல
படகு ஒரு பக்கம் அசைந்தது.
போகலாம்தான்.
நங்கூரம் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டோம்,
தலைக்கு மேல் சுருட்டிய கல்யாணம்.

விடியலில் கச்சான்.
கிழக்கே திரும்பியதும் சூரியன் பாய்க்குப் பின்னால் வந்தது.
அவன் பக்கம் அடைத்துக்கொண்டு இருட்டாக,
வெளுத்த என் பக்கத்தில் மட்டும்
வெளிச்சம் புகுந்து வந்து
ஜெபமாலையின் மடியில் விழுந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு
சுக்கானைக் கொஞ்சம் ஒடித்தாள்.

படகுத்துறையில் வனத்துறைக்காரர் நோட்டை விரித்தார்.
"எத்தனை பேர்?"
"ரெண்டு."
நிமிர்ந்து பார்த்தார். "மேல இருக்கிறவரு?"
ஜெபமாலை என்னைப் பார்த்தாள்.
கயிற்றை விட்டேன். படபடவென்று அடித்து
மடிந்து தொங்கியது டை.
"அது பாய் சார்."

உள்ளங்கையில் கயிறு ஓடிய தடம்,
உப்புப் பட்டு எரிந்தது.
லீவில் இன்னும் முக்கால் நாள் பாக்கி.