பட்டாணிக்கு இடமில்லை

கோர்தோபாவில் ஜூலை என்றால்
செருப்பு தார் ரோட்டில் தங்கிவிடும்,
கால் மட்டும் வீடு வரும்.
இரவெல்லாம் பஸ் கழுவுகிறவன் நான்,
பகலில் தூங்குவதாகப் பெயர்.
மேல்வீட்டு நியேவெஸ் கதவைத் தட்டியபோது
சர்க்கரை கேட்க வந்தாள் என்று நினைத்தேன்.
கேட்டது என் ஃப்ரீசரில் பாதி.

துணி காயப்போடும் அறையில்
நூற்றைம்பது லிட்டர் கடல் வைத்திருக்கிறாள்.
இரண்டு கோமாளி மீன், ஓர் இறால்,
விரல் விரலாய் அசையும் பவளம் ஒன்று.
அதன் பெயரை மூன்று தடவை சொன்னாள்,
மூன்று தடவையும் மறந்தேன்.
தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம் எண்ணூறு யூரோவாம்.
சூப்பர் மார்க்கெட் கல்லாவில் அவள் வாங்கும் சம்பளத்துக்கு
பதினைந்தாம் தேதியே மூச்சு வாங்கும்.
"இருபத்தாறு டிகிரியில் இருக்கணும்" என்றாள்.
நான் முப்பத்தாறில் இருக்கிறேன் என்று
சொல்ல வாய் வரவில்லை.

ஆக, என் பட்டாணிப் பொட்டலம் வெளியே போயிற்று.
ஆறு பாட்டில்கள் உள்ளே வந்தன,
லேபிள் உரித்து, பசை சுரண்டி,
கழுத்துக்குக் கீழேயே நிறுத்தி:
ஐஸுக்கும் தோள் விரிக்க இடம் வேண்டுமாம்.
மூடியைத் திறக்காதீர்கள்.
ஒரு நேரத்தில் ஒன்றுதான்.
சூடு மெல்லக் கொல்லும்,
திடீர்க் குளிர் அன்றைக்கே.

பழைய கம்ப்யூட்டரில் பிடுங்கிய குட்டி விசிறிகள் இரண்டு
தொட்டி விளிம்பில் சாய்ந்து ஊதின.
கண்ணாடி மூடிக்குப் பதில் கொசுவலை.
"குதித்துவிடும். எங்கே போய் விழுவோம் என்று யோசிக்காது."
விளக்கு இரவு பதினொன்றுக்கு மேல்தான்;
அப்போதுதான் அங்கே விடியும்.
பவளமும் என்னைப்போல நைட் ஷிஃப்ட்.

தண்ணீர் ஆவியாகிப் போகும்,
போகிற போக்கில் கொஞ்சம் சூட்டையும் கூட்டிப்போகும்.
உப்பு போகாது.
அது தெரியாமல் முதல் கோடையில்
குறைந்ததற்கெல்லாம் உப்புத் தண்ணீரே ஊற்றினாளாம்.
நத்தைகள் ஒவ்வொன்றாய்க் கவிழ்ந்தன.
"போனது நல்ல தண்ணீர்.
நல்ல தண்ணீர்தான் ஊற்றணும்."
வேறு எதையோ சொல்கிறாள் என்று தோன்றியது.
கேட்கவில்லை.
உப்பு என்ன விலை என்று கேட்டேன்.

அவள் சாவி என்னிடம், என் சாவி அவளிடம்.

அந்த வியாழக்கிழமை நாற்பத்து நான்கு.
மூன்றரைக்குக் கரண்ட் போய்
தெருவே மூச்சை நிறுத்தியது.
பனியனோடு படியேறினேன்.
பம்ப்பும் நின்றிருந்தது, விசிறியும்.
மீன் இரண்டும் மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடின,
கடன் கேட்க வந்து
வார்த்தை கிடைக்காதவர்களைப்போல.
சவ அடக்கக் காப்பீட்டுக்காரன் திருவிழாவில்
சும்மா கொடுத்த காகித விசிறி ஒன்று இருந்தது.
அதை எடுத்து
கடலுக்கு விசிறினேன்.

படியில் ஓடுவது யார் என்று திட்ட வந்த ஒப்துலியா
வாசலில் நின்று பார்த்தாள்.
"பாசிலியோ, ஆணியா அடிக்கிறாய்?"
எட்டு வருடத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.
(குழாய் ஒழுகிய விஷயம். விடுங்கள்.)
கைப்பையிலிருந்து கறுப்பு விசிறியை எடுத்தாள்,
ஒரே உதறல், சடக்.
தண்ணீரின் தோல் சுருங்கி ஓடியது.

இரண்டு மணி நேரம், மாற்றி மாற்றி.
ஒரு பாட்டில் கரைய நாற்பது நிமிடம்.
இருபத்தொன்பது.
இருபத்தெட்டரை.
மறுபடி இருபத்தொன்பது.
"இறாலைக் காணோம்" என்றாள்.
"கல்லுக்குப் பின்னால்" என்றேன்.
வேறெதுவும் பேசவில்லை.
ஐந்தே முக்காலுக்கு விசிறிகள் முனகிக்கொண்டு சுற்றின.
அவள் தன் விசிறியை மடித்து
"கொசுவலை கிழிந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.
மாலையே நூலும் ஊசியும் வந்தன.

நேற்றுக் காலை வேலை முடிந்து வந்து
ஃப்ரீசரைத் திறந்தேன்.
ஏழு பாட்டில்கள்.
ஏழாவதில் மார்க்கர் பேனாவில்:
இது உங்கள் காலுக்கு.

அதில் மட்டும்
லேபிளை உரிக்கவில்லை அவள்.
பசை என்னை ஒன்றும் செய்யாது என்று
தெரிந்துவைத்திருக்கிறாள்.