ஊமைக்குழி

நாலு மணி ஆனால் வாசலில் போய்
இரண்டு கையையும் விரித்து நின்றுவிடுவார்.
பால்காரன், சிலிண்டர் போடுகிறவன்,
பெங்களூரிலிருந்து ஏதோ ஹோம் விண்ணப்பத்தோடு
காரில் வந்து இறங்கிய மகன்,
யாருக்கும் வழி இல்லை.
"உள்ள ஆள் போகக்கூடாது."
எனக்கும் அதேதான்:
"ஏ பொம்பள, கூடையைப் போட்டுட்டு ஓடு."
என் கையில் இருந்தது கறிவேப்பிலை.

பொழுது சாயும்போது சிலருக்கு இப்படித்தான்
என்றார் டாக்டர்.
அரை மாத்திரை முழு மாத்திரை ஆயிற்று.
முழு மாத்திரையில் அவர்
வாசற்படியிலேயே உட்கார்ந்து
எச்சில் ஒழுகத் தூங்கினார்,
கைகள் மட்டும் விரிந்தபடி.

நாற்பத்தொரு வருஷக் குடித்தனம்.
மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை,
சட்டையை உதறினால் தூள் கொட்டும்,
சம்பளம் ஏழாம் தேதி.
இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
அங்கே என்ன செய்கிறார் என்று
நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை.

கேட்டவள் ஜெசிந்தா.
நாகலூர்க்காரி. காலைப் பஸ்ஸில்
ஏற்காட்டு மலையின் இருபது வளைவும் இறங்கி வருகிறவள்.
குளிப்பாட்ட, வேட்டி மாற்ற,
மாதம் இவ்வளவு என்று பேசி வைத்தவள்.
மூன்று சாயங்காலம் சும்மா பார்த்தாள்,
அவர் உதடு அசைவதை, விரல் மடங்குவதை.
நாலாம் நாள் தெருவில் தள்ளி நின்றுகொண்டு
வேலையாள் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:
"ஐயா, எத்தனை குழி போட்டீங்க?"
"பன்னெண்டு."
"எத்தனை வெடிச்சுது?"
"பதினொண்ணு."

பிறகு மாதையனுக்குப் போன் போட்டோம், கூட வேலை பார்த்தவர்.
வெடிக்காத குழிக்கு ஊமை என்று பேராம்.
எண்ணிக்கை சேராமல் ஆளை உள்ளே விட்டால்...
அவர் முடிக்கவில்லை.
"ஒரு தடவை ஆயிப்போச்சுங்க" என்றார்.
வருஷத்தைச் சொன்னார்.
அந்த வருஷம்தான் இவர்
ஒரு மாசம் சோற்றைத் தொடாமல் கிடந்தார்.
வயிற்றுக் கோளாறு என்று
நான் ஓமத்தண்ணி கொடுத்தேன்.

ஜெசிந்தா கொல்லைக்குப் போய்
அண்டா மூடியைத் தூக்கித்
துவைக்கிற கல்லின் மேல் போட்டாள்.
தெருவே எட்டிப் பார்த்தது.
"பன்னெண்டு" என்றார்.
கை தாழ்ந்தது.
"போலாம். எல்லாரும் போலாம்."
உள்ளே வந்து
டீயில் ஊறிய தட்டுவடை ரெண்டு தின்றார்.

சந்தோஷம் தாங்காமல்
செவ்வாய்ப்பேட்டைக்கும் சொல்லி வைத்தேன்.
என் தங்கை வீட்டுக்காரருக்கும் இதே மறதி.
அங்கே மூடி விழுந்ததும்
மனுஷன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாராம்.
அவர் கொலுசு வியாபாரி.
வெள்ளி இன்னைக்கு என்ன விலை என்று
நாற்பது தரம் கேட்பார்.
இப்போது தங்கை நாற்பது விலை சொல்கிறாள்.
ஏதோ ஒன்று கட்டுபடியானால் தூங்குகிறார்.

போன வாரம் ஜெசிந்தாவுக்கு மாதா கோயில் திருவிழா.
மூடியை நான் போட்டேன்.
கை நடுக்கம்.
விழுந்தது, எகிறியது, இன்னொரு தரம் விழுந்தது.
"பன்னெண்டு... பதிமூணு."
வாசலை விட்டுவிட்டுக்
கொல்லைக்கே வந்துவிட்டார்.
"இது யாரு வச்சது?"
நான்தான் என்றேன்.
மேலும் கீழும் பார்த்தார்.
"லைசென்ஸ் இருக்கா உனக்கு?"
"இல்லைங்க."
"அப்ப என் முதுகுக்குப் பின்னால நில்லு."

நின்றேன்.
அண்டா மூடிக்கும் எனக்கும் நடுவில் அவர்,
கைகளை விரித்துக்கொண்டு.
அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது.
நான் போகவில்லை.