பின்சிறகு இல்லை

ரெட்டேரி சிக்னல் தாண்டி, பஞ்சர் கடை டியூப்லைட்டில்
மழை விட்ட அரைமணிக்கெல்லாம் வந்து ஒட்டிக்கொள்கின்றன.
ஈசலு, என்கிறான் கஜபதி.
இல்லை.
ஈசல் சிறகை முதுகின்மேல் தட்டையாய்ப் போட்டுக்கொள்ளும்.
இது நட்டு வைத்திருக்கிறது,
கரைக்கு வந்தும் பாய் இறக்காத படகு.
பேர் மேப்பூச்சி.
வருவதோ ஐப்பசியில்.
அதற்கு நான் என்ன செய்ய?

பூதக்கண்ணாடியில்
வால் இரண்டு, உடம்பைவிட நீளம்.
தண்ணீருக்குள் மூன்று இருந்தது;
ஒன்றை ஏரியிலேயே விட்டுவிட்டு வருகிறது.
பின்சிறகு இல்லை.
ஆணென்றால் கண்ணுக்கு மேலே இன்னொரு ஜோடிக் கண்
செங்கல் நிறத்தில், சும்மாடு வைத்த மாதிரி.
இதற்கு அது கிடையாது. பெண்.
வாய் இருக்கவேண்டிய இடம் தெரிகிறது.

"அப்ப இன்னா துன்னும்?"
"ஒண்ணும் துன்னாது."
கஜபதி டியூபைத் தொட்டியில் அமுக்கி
குமிழி எங்கே கிளம்புகிறதென்று
என்னைவிடப் பொறுமையாய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிறகு மங்கல் சாம்பல் என்று எழுதினேன்.
அதற்குத் தோதாய்
மூலக்கடை கறிக்கடையில் கெஞ்சி வாங்கிய
சாம்பல் சேவலின் கழுத்திறகு,
ரெஜினா டெய்லரின் மிச்சப் பழுப்பு நூல்,
பதினாறாம் நம்பர் முள்.
விளக்கடியிலேயே கட்டினேன்.
ஏழு சுற்று. பல்லால் கடித்து ஒரு முடிச்சு.

நிமிர்ந்தால்
காற்றடிக்கிற மிஷின்மேல் அதன் முதுகு வெடித்து
தன்னிலிருந்து தானே இறங்கிக்கொண்டிருக்கிறது.
சிறகு முளைத்த பிறகும் சட்டை உரிக்கிற பூச்சி
இது ஒன்றுதான்.
வெளியே வந்தது கண்ணாடி.
முன்விளிம்பில் மட்டும் தேன் வழிந்த பட்டை.
மங்கல் சாம்பலை அடித்தேன்.
பேனா தாளைக் கிழித்தது.

விடிகாலை, ஆகாயத்தாமரைக்கு நடுவே
லாரி டயர் அகலத்துக்குத் தண்ணீர்.
மண்புழு கோத்த பையன்கள்
அதற்குள் நாலு ஜிலேபி எடுத்துவிட்டார்கள்.
என் பொய்ப்பூச்சி மிதக்கிறது,
நேற்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு
உண்மையாய் இருந்த நிறத்தில்.
ஒரு வளையம் எழுந்தது,
முள்ளுக்கு ஒரு ஜாண் தள்ளி.

திரும்பும்போது கஜபதி தீப்பெட்டியை நீட்டினான்.
"உன் பூச்சி சட்டைய உட்டுட்டுப் போய்ச்சுபா."
உள்ளே ஆறு கால், இரண்டு வால்,
சுருங்கிய மங்கல் சாம்பல்.
என் முள்ளை அதன் பக்கத்தில் வைத்தேன்.

அச்சு அசல்.