நட்பான வணக்கங்களுடன்

புதன்கிழமைகளில்தான் மிளகாய் வறுப்பேன்.
கீழ்வீட்டு ஃப்ராவ் சுர்லிண்டன்
பத்து மணிக்கு நீந்தப் போவார்,
பன்னிரண்டரைக்கு ஈரத்தலையோடு வருவார்.
இடையில் எனக்கு இரண்டரை மணித்தியாலம்.
மல்லிக்கு முப்பது நிமிடம்,
பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு சேர்த்து இருபது,
வெந்தயத்துக்குக் கணக்கில்லை,
திரும்பிப் பார்ப்பதற்குள் கருகிவிடும்.
ஓல்டன் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கிய செத்தல்
கடைசியாக.
குசினிக் கதவடியில் ஈரத்துவாய்.
யன்னலைத் திறந்தால்
ஆரே ஆற்று மூடுபனி
வரவா வேண்டாமா என்று நின்று
தும்மிவிட்டுத் திரும்பும்.

இவ்வளவு செய்தும் கடிதம் வரும்.
ஏழு வருடத்தில் பதினொன்று.
நீல மை, அடிமட்டம் வைத்ததுபோல் வரிகள்:
"உங்கள் சமையலின் மணம்
எனது படுக்கை விரிப்புகளில் இருக்கிறது.
நட்பான வணக்கங்களுடன்."
ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி சொக்கிலேட்
அவர் கதவடியில் வைப்பேன்.
அடுத்த கிழமை மட்டை சேகரிப்பில்
அந்தப் பெட்டி,
தட்டையாக மடித்து, நூல் கட்டி.

பிறகு ஒரு வருடத்துக்கு மேல் கடிதமே இல்லை.
தான் பூட்டிய புதுப் புகை உறிஞ்சியின் வெற்றி என்று
தவநேசன் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாசியில் ஒரு புதன்,
தாச்சியில் செத்தல் கறுக்கத் தொடங்கும் நேரம்
மணி அடித்தது.
வாசலில் ஃப்ராவ் சுர்லிண்டன்,
இருமிக்கொண்டு, கண்ணில் நீரோடு.
மன்னிப்புக் கேட்க என் ஜெர்மன் வாயெடுப்பதற்குள்
"நிறுத்தாதீர்கள்" என்றார்.

காய்ச்சல் வந்துபோய்ப் பதினாலு மாதமாம்.
கோப்பி இல்லை, சவர்க்காரம் இல்லை,
பால் பொங்கி அடுப்பில் தீய்ந்த நாளில்
பக்கத்து அறையில் குறுக்கெழுத்து நிரப்பிக்கொண்டிருந்தாராம்.
இன்றைக்குத்தான் மூக்கு ஏதோ செய்தது.
மணமா, என்றேன்.
யோசித்தார். நேர்மையான மனிசி.
"இல்லை. எரிவு மட்டும்."

அதன்பிறகு புதன் பத்து மணிக்கு
நீச்சல் இல்லை, என் குசினிக் கதிரை.
ஒரு கரண்டி வறுத்து மூக்கடியில் நீட்டுவேன்.
மல்லி? இல்லை. சீரகம்? இல்லை.
பெருங்காய டப்பாவைத் திறந்ததும்
நானே முகத்தைத் திருப்பினேன்,
அவர் பூவை முகர்வதுபோல் முகர்ந்து
உதட்டைப் பிதுக்கினார்.
கறிவேப்பிலையைக் கசக்கிக் கொடுத்தால்
விரலில் பட்ட பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெந்தயம் எப்படி மணக்கும், என்று கேட்டார்.
"கசப்பு" என்றேன். அது நாக்கு.
"மஞ்சள்" என்றேன். அது கண்.
வங்கிக்கு, பஸ்ஸுக்கு,
பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு
ஜாக்கெட்டை முகர்ந்து முகர்ந்து போட்ட இருபது வருடத்தில்
நான் பழகியது ஒரே கேள்வி:
மணக்குதா, இல்லையா.
எப்படி என்று யாரும் கேட்டதில்லை,
நானும்தான்.

வைகாசியில் அவர் வருவது நின்றது.
களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.
கதவைத் தட்டவா என்று இரண்டு முறை இறங்கி
இரண்டு முறையும் சலவை அறைக்குப் போவதுபோல் போய் வந்தேன்.

ஒரு சனிக்கிழமை நண்டுக்கறி.
முருங்கையிலை போட்டு இறக்கி
மூடியைத் திறந்த பிறகுதான் பார்த்தேன்,
யன்னல் முழுக்கத் திறந்து கிடக்கிறது.
கீழே புல்தரைக் கொடியில்
அவருடைய வெள்ளை விரிப்புகள்.

திங்கள் காலை தபால்பெட்டியில் நீல மை.
"கடல், அல்லது அதுபோல் ஒன்று.
பின்னால் ஒரு இலை. பெயர் தெரியவில்லை.
இரண்டு விரிப்புகளையும் திரும்பத் தோய்க்க வேண்டியிருந்தது.
இது ஏற்கத்தக்கதல்ல.
நட்பான வணக்கங்களுடன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல்
தாச்சியை அடுப்பில் வைத்தேன்.
திங்கள்தான். எட்டு மணிதான்.
ஈரத்துவாய் எங்கே என்று
தேடவில்லை.