இது நீங்களா

மழை மூன்றாம் நாளாக விடவில்லை.
உப்புவெளியில் எங்கள் ஆறு அறையும் வெறுமை.
மெத்தைகளை நிமிர்த்திச் சுவரில் சாத்தியிருக்கிறோம்.
நகுலேசன் கணக்குக் கொப்பியை விரித்து
சிவப்புப் பேனையோடு இருக்கிறார்.
போன் ஸ்பீக்கரில்.

முதலில் நான் நானென்று காட்ட வேண்டுமாம்.
"அம்மாவின்ர கன்னிப் பெயர் சொல்லுங்கோ, அக்கா."
எங்களில் அப்படியொரு பெயர் இல்லை, பிள்ளை.
கலியாணத்துக்கு முன்னம் தகப்பன்ர எழுத்து,
பிறகு புருஷன்ர எழுத்து,
பூமலர் என்றது மட்டும்தான் அவவுடையது.
கணக்குத் திறந்த அன்று என்ன எழுதினேனோ,
மூன்று தரம் தடுமாறினேன்.
பஸ்ரினா, அதுதான் தன் பெயர் என்றாள்,
குரலைத் தணித்துச் சொன்னாள்:
"அவன் முதல் தரமே சரியாச் சொல்லியிருக்கிறான்."
அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லி
ஒருவழியாக நானானேன்.

பதினொரு வரி.
ஆண்களின் சப்பாத்து, அளவு பதினொன்று. இது நீங்களா?
இல்லை.
விளையாட்டொன்றில் ஆறாயிரம் வைரக்கல்.
இல்லை. என்னிடம் கிடப்பது மூக்கில் ஒன்று, அதுவும் கண்ணாடி.
நாய்ச் சாப்பாடு, இருபது கிலோ.
இல்லை.
கடல் பார்த்த அறை, இரண்டு இரவு, இரண்டு பேர்,
வாய்க்குள் நுழையாத ஊர்.
இல்லை என்றேன், கொஞ்சம் பிந்தித்தான்.
யாரோ என் பெயரைச் சொல்லிச் சாவி வாங்கி
வேறொருத்தி இழுத்து விரித்த விரிப்பின்மேல்
தொப்பென்று விழுந்திருக்கிறார்கள்.
குளித்துவிட்டுத் துவாயை நிலத்தில் போட்டிருப்பார்கள்.
எல்லாரும் போடுகிறவர்கள்தானே.

ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் மட்டும்
நான் கழுவிய துவாய்களின் காசு
நாற்பது நிமிஷத்தில் போயிருக்கிறது.

"அந்த நேரம் நீங்கள் திருகோணமலையிலதான்
இருந்தனீங்கள் எண்டதுக்கு ஏதும் ஆதாரம்?"
பதினேழாம் திகதி, விடியப்புறம்.
திருக்கடலூர்க் கரையில் சாளை வாங்கினேன்,
பழைய பேப்பரில் சுற்றித் தந்தான்.
கோட்டையடியில் மான் ஒன்று பையை முகர்ந்து
மீனென்று கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.
வந்து, மூன்றாம் அறைக் குழாயைக் கம்பியால் கட்டினேன்.
ஒன்றுக்கும் துண்டு இல்லை.
நான் செய்யாததற்கெல்லாம்
மணி, நிமிஷம், செக்கனோடு துண்டு இருக்கிறது.

ஒன்பது. பத்து.
சந்தேகத்துக்கு ஆறு மாதம் பின்னாலும் பார்க்கிறார்களாம்.
"பதினொண்டு. ஜூலை ஒன்பது. கண்டி.
ஒரு அறை, ஒரு இரவு, ஒரு ஆள்."
நகுலேசன் வெட்டுவதற்குப் பேனையை வைத்துவிட்டார்.
"அதுவும் கள்ளன்தான் தங்கச்சி. இவ அண்டைக்கு
மட்டக்களப்பில வகுப்புக்குப் போனவ."

பத்துத் தரம் சொல்லி நாக்குக்குப் பழகிய சொல்.
இன்னொருக்காச் சொன்னால் அந்தக் காசும் வரும்.

அந்த அறையில் நான் ஒன்றும் செய்யவில்லை.
பின்னேரம் மூன்று மணிக்குப் படுத்தேன்.
விடிய எழும்பி, கட்டிலைக் குழப்பினபடியே விட்டேன்.
வேண்டுமென்றே
ஒரு துவாயை நிலத்தில் போட்டேன்.

"அக்கா, லைனில இருக்கிறீங்களா? இது நீங்களா?"

"ஓம். அது நான்."

பஸ்ரினா தட்டுகிற சத்தம் கேட்டது.
முறைப்பாட்டு இலக்கம் தந்தாள்.
நாற்பத்தைந்து நாள் என்றாள்,
வேலைநாள், போயாவைக் கழித்து.

சிவப்புப் புள்ளியொன்று கொப்பியில் ஊறி
மற்றப் பக்கத்துக்கும் போயிருந்தது.
நகுலேசன் எழும்பினார்.
ஒழுக்குக்கு வைத்த வாளியை வெளியே ஊற்றிவிட்டு
திரும்ப அதே இடத்தில் வைத்தார்.
கையைச் சாரத்தில் துடைத்தார்.
வந்து இருந்தார்.

"காலைச் சாப்பாடும் சேர்த்தா?"
என்று கேட்டார்.