பதினேழு வயதுக்கு மேற்பட்டோர்

பார்ன்ஸ்லியில் மழை.
ஒன்பது மணிக்கே ஷெரில் ஆக்ராய்டின் அழைப்பு.
சாவி எப்போது?
செவ்வாய்தோறும் இதே கேள்வி,
செவ்வாய்தோறும் இதே பதில்:
இன்னும் ஒப்பந்தம் கைமாறவில்லை.

விலை பேசி முடித்தோமே, கை குலுக்கினோமே?
குலுங்கியது கை மட்டும்தான்.
கையெழுத்திட்ட பிரதிகள் இடம் மாறும் நிமிடம் வரை
அவரும் விலகலாம், நீங்களும் விலகலாம்.
சட்டம் ஏனென்று கேட்காது.

அதுவரை நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?
தோண்டுகிறேன்.
இந்த ஊரில் வீடு வாங்குகிறவர்
தரைக்குக் கீழே யார் வெட்டினார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.
கேட்டேன், கட்டணம் கட்டினேன், பதினோரு பக்கம் வந்தது.
சமையலறைக் கதவிலிருந்து இருபத்து மூன்று மீட்டரில்
ஒரு நிலக்கரிக் குழி.
எப்போதோ மூடப்பட்டதாக நம்பப்படுகிறது.
நம்பப்படுகிறது, நம்பப்படுகிறது என்று
ஷெரில் போனில் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வேலி யாருடையது?
வரைபடத்தில் குறி எந்தப் பக்கமோ அவருடையது.
குறியே இல்லை.
அப்படியென்றால் பக்கத்து வீட்டாரோடு சுமுகமாக இருங்கள்.

திரைச்சீலைக் கம்பி, விட்டுப்போகிறார்.
பல்புகள், விட்டுப்போகிறார்.
தோட்டத்துக் கொட்டகை:
உளுத்துவிட்டது, இருந்தாலும் விட்டுப்போகிறேன்.
விற்பவர் பெயர் க்ளிஃபர்ட் ஹெப்வொர்த்.
ஆளைப் பார்த்ததில்லை, எழுத்தைத் தெரியும்.
பெரிது பெரிதாக, அழுத்தி,
தாளின் முதுகில் புடைத்து நிற்கும்.

எல்லாம் அடுக்கி முடித்த பிறகுதான் அந்தக் கேள்விக்கு வந்தேன்.
வீட்டில் வசிக்கும் பதினேழு வயதுக்கு மேற்பட்டோர் யார் யார்?
தனியாள்கள் அந்த இடத்தில் ஒரு கோடு போடுவார்கள்.
இவர் எழுதியிருந்தார்: தம்பி நெவில்.

வில்லங்கம் என்றால்
அடமானமாகத்தான் வர வேண்டுமென்றில்லை.
மாடியறைக் கட்டிலில் ஒருவன் உட்கார்ந்திருந்தால் போதும்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எழுதினேன்:
திரு. நெவில் உண்மையில் அங்கே குடியிருக்கிறாரா?
ஒன்பது நாள் கழித்துப் பதில்:
எங்கள் கட்சிக்காரர் தெரிவிப்பதாவது,
இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகு அவர் வரவில்லை.
அறை அவருடையது.

படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.
உண்டு. இல்லை. ஒன்றில் டிக் செய்யவும்.

அடிக்கச் சொல், என்றார் எங்கள் மேலாளர்.
நான்கு சென்டிமீட்டர் கோடு.
ஷெரிலுக்கு வங்கி தந்த தவணை மாதக் கடைசியோடு சரி.
அவள் ஃப்ளாட்டை வாங்க ஒரு நர்ஸ்,
நர்ஸின் வீட்டுக்கு டான்காஸ்டரிலிருந்து ஒரு தம்பதி,
அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீடு.
எல்லோரும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சாப்பிட்டார்கள்.
க்ளிஃபர்ட் அசையவில்லை.
அவனைக் கேட்காமல் அவனை அடிக்க மாட்டேன்.

மூன்றாவது செவ்வாய் ஷெரில் கேள்வியை மாற்றினாள்.
அவர் கிடைத்தாரா?

பிறகு ஒரு வியாழன், க்ரிம்ஸ்பி தபால் முத்திரை.
உள்ளே ஒப்புதல் படிவம்.
சாட்சி: மீன் தொழிற்சாலையின் இரவுநேர மேற்பார்வையாளர்.
நெவில் ஹெப்வொர்த் என்ற கையெழுத்து
பெரிது பெரிதாக, அழுத்தி.
தாளைத் திருப்பி விரலால் தடவினேன்.
புடைத்திருந்தது.
ஒரே வீட்டில் எழுதப் பழகியவர்கள் என்று சொல்லிக்கொண்டேன்.
சாட்சியின் எழுத்து வேறு.
சட்டத்துக்கு அது போதும்,
கோப்பில் வைத்தேன்.

வெள்ளி பகல் பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.
சாவி ஏஜெண்டிடம், வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.
அழுதாளா சிரித்தாளா, லைன் சரியில்லை.

மாலை ஐந்துக்கு ஐந்து நிமிடம், மறுபடி அவள்.
மாடியில் சின்ன அறை,
துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கோட் மட்டும் தொங்குகிறது.
பட்டியலில் இல்லையே,
இது யாருடையது?

விதியைச் சொன்னேன்.
எழுத்தில் அறிவிப்பு, நியாயமான அவகாசம், அதன் பிறகு உங்கள் விருப்பம்.
அதைக் கேட்கவில்லை, என்றாள்.
க்ரிம்ஸ்பி முகவரி இருக்கிறதா?

முகவரி தர எனக்கு அதிகாரமில்லை.
இங்கே கொண்டுவாருங்கள், நான் எழுதி ஒட்டுகிறேன் என்றேன்.
பார்சலுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டாள்.
இத்தனை மாதத்தில்
உடனே பதில் சொல்ல முடிந்த கேள்வி.
கனமா, லேசா?
அவள் ஆணியிலிருந்து அதை எடுக்கும் சத்தம் கேட்டது.