எதுவரை தெரியுது

ரூபாவதி செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைக்கிறாள்.
சரிகிறது.
பருப்பு டப்பாவை முட்டுக்கொடுக்கிறாள்.
இப்போது எனக்குத் தலை இல்லையாம்,
வயிறு மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது
மேலப்பாளையத்துக்கு.

"கொஞ்சம் பொறத்தால போங்க அண்ணாச்சி,
இன்னும், இன்னும் கொஞ்சம்."

பின்னால் போக எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
கல்லட்டி ஏற்றத்தில், மழையில், எதிரே லாரி நிற்க
ஐம்பது பேரோடு பின்னால் போனவன்.
ஒரு கை ஸ்டியரிங்கில், தலை ஜன்னலுக்கு வெளியே.

அது கழுத்து இருந்த காலம்.
இப்போது யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
முழு ஆளாகத் திரும்புகிறேன்,
ஸ்டாண்டுக்குள் வண்டி திருப்புகிற மாதிரி.
டிப்போவில் டீசல் கணக்கு எழுத உட்காரவைத்துவிட்டார்கள்.
பையன்கள் எனக்கு 'ரோடு ரோலர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
எனக்குக் கேட்காது என்று நினைப்பு.
காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விடியற்காலை நாலரைக்கு
முதுகு எனக்கு முன்னால் விழித்துக்கொள்கிறது.
இரவோடு இரவாக யாரோ சிமெண்ட் ஊற்றி
ஈரச்சாக்குப் போட்டுவிட்டுப் போன மாதிரி.
படுத்தே இரு என்றார்கள் எல்லாரும்.
நஸ்ரீன்தான் சொன்னாள்,
"ஒங்க வலி படுத்தா வர்ற வலி. நடந்தா போயிரும்."
பதினோரு வருடத்தில்
என் வலிக்கு விலாசம் சொன்ன முதல் ஆள்.

சமையலறைச் சுவர்.
குதிகால் ஒட்டிவிட்டது. இடுப்பு, தோள், சரி.
பின்மண்டை ஒட்டவில்லை.
அந்த இடைவெளியில் ரூபாவதி தீப்பெட்டியைச் செருகுகிறாள்.
"நிறுத்தியா, படுத்தியா?"
"ஒண்ணு நிறுத்தி, ஒண்ணு படுத்தி டாக்டரம்மா."
"போன மாசம் ரெண்டும் நின்னுச்சுல்லா?"
பேனா கீறும் சத்தம் இங்கே வரை வருகிறது.

அப்புறம் ஜன்னல்.
கோணம் அளக்கிற கருவி அவளிடம் இருக்கிறது,
என் கழுத்துக்கு நானூறு கிலோமீட்டர் தள்ளி.
அதனால் கேட்கிறாள்:
"தோள அசைக்காம எடப்பக்கம் திரும்புங்க.
எதுவரை தெரியுது?"

முதல் வாரம், ஜன்னல் கம்பி.
அடுத்த மாதம், போஜனுடைய கேரட் பாத்தி, முன்வரிசை மட்டும்.
மே கடைசியில் சரிவில் மேய்ந்த காட்டுமாட்டின் பின்பாதி.
"முன்பாதிக்கு இன்னும் எத்தன டிகிரி இருக்கும்?"
கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.
மலை ஏறியதே இல்லையாம், கார் என்றாலே வாந்தி.
ஆனால் என் இடப்பக்கம் அவளுக்கு மனப்பாடம்.
கேரட்டுக்கு அங்கிட்டு பால் சொசைட்டி,
அதுக்கு அங்கிட்டு சில்வர் ஓக் மூணு.
"மூணாவது மரம் தீபாவளிக்குள்ள" என்கிறாள்,
கடன் வசூலிக்க வந்தவள் போல.

இன்றைக்குக் கட்டபெட்டு முழுக்க மேகம்.
டவருக்கு ஒரே ஒரு கோடு.
திரையில் நஸ்ரீன் உறைந்து நிற்கிறாள்,
தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் பாதி திறந்து.
அவளுக்கும் வந்துவிட்டதோ என்று ஒரு கணம் பதறினேன்.
குரல் மட்டும் துண்டு துண்டாக:
"எது... வரை... தெரி..."

திரும்பினேன்.
கம்பிக்கு அப்பால் கேரட் இல்லை, சொசைட்டி இல்லை.
எங்கே நிறுத்துவது?
முப்பத்தாறு கொண்டை ஊசியிலும் பலகை உண்டு,
இங்கே ஒன்றுமில்லை.
விலா இழுத்தது. மூச்சை விட்டு இன்னும் கொஞ்சம்.
வெள்ளை. வெள்ளை. ஜன்னல் தீர்ந்து சுவர்.
சுவர் முடிகிற இடத்தில், கதவு நிலையில் சாய்ந்து
ரூபாவதி.

நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது.
தீப்பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு
கொழுந்து கிள்ளும் வலது மணிக்கட்டை
இடது கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பிசைகிறாள்.
முகம் சுளிக்கிறது. உதறுகிறாள். மறுபடி பிசைகிறாள்.
எத்தனை நாளாக?

"அண்ணாச்சி, கேக்குதா? எதுவரை?"

"ரூபாவதி வரை."

கொஞ்ச நேரம் இரைச்சல்.
பிறகு, பேனாவை எடுத்துக்கொண்டு,
"அது மூணாவது மரத்துக்கு இங்கிட்டா, அங்கிட்டா?"